மாசம் எவ்வளவு?

வங்கிக்காரப் பையன் எங்கள் தோட்டத்துக்கே வந்தான். கடன் கொடுப்பவன் நம் வாசலைத் தேடி வந்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். நாங்கள் கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தோம்.

லாபு பக்கத்தில் இருந்த, எண்ணெய் எடுக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தை நிர்வாகம் விற்றுவிட்டது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த அத்தனை குடும்பமும் வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்த தாமான் குடியிருப்பில் எங்களுக்குச் சற்று விலை குறைத்து வீடு தருவதாகச் சொன்னார்கள். அந்தக் குறைத்த விலையையே எங்கள் பரம்பரையில் யாரும் மொத்தமாகக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே வங்கிக் கடன். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், நான் சுங்கை காடுட்டில் தொழிற்சாலைக்குப் போகிறேன். இருவர் சம்பளத்தையும் காட்டினால் முப்பது வருடத்துக்குக் கடன் கிடைக்கும். கட்டி முடிக்கும்போது அவருக்கு எழுபது வயதாகியிருக்கும்.

"நாலரை வட்டி" என்று அந்தப் பையன் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவரும் அது அதிகமா குறைவா என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு தம்பி?"

எங்கள் ஜனத்துக்கு விலை கேட்கும் பழக்கமே போய்விட்டது. டிவி என்றாலும் அதுதான் கேள்வி, அலமாரி என்றாலும் அதுதான், மோட்டார் என்றாலும் அதுதான். சம்பள நாளன்று லயத்துக்குத் தவணைக்காரன் வேன் வரும், மாசம் இவ்வளவு என்பான், கை நீட்டி வாங்கிக்கொள்வோம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் நம்மைக் கஞ்சன் என்று நினைப்பானோ என்று ஒரு வெட்கம் வேறு. என்ன வெட்கமோ!

பையன் மாதத் தொகையைச் சொன்னான். மண்டபமே மூச்சு விட்டது. என் பக்கத்து வீட்டு அக்காதான் முதல் ஆளாக விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கணவர் இறந்துவிட்டார். மகன் சம்பளத்தையும் தன் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டிக் கடன் வாங்குகிறார். "நம்ம தமிழ்ப் புள்ள, நம்மள ஏமாத்தாது லா" என்று என்னிடம் சொன்னார். அவனும் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்றான். என் கணவர் பேனாவை எடுத்துவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. உண்மையிலேயே நேரமாகிவிட்டது.

மறுநாள் கேன்டீனில் என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரப் பெண்ணிடம் வீட்டுக் கடன் கிடைக்கப்போவதைப் பெருமையாகச் சொன்னேன். எத்தனை வங்கியில் விசாரித்தாய் என்றாள். ஒன்று என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கிலோ இறாலுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறாய், வீட்டுக்கு ஒரே கடையா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனேன். முதல் வங்கியில் ஒரு பெண் என் முகவரியைப் பார்த்து, தோட்டத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டாள். மியூசியத்துக்கு வந்தவள் போலப் பார்த்தாள். வட்டி நாலரைக்கும் மேலே போனது. இரண்டாவது வங்கியின் கண்ணாடிக் கதவில் 'செரண்டா' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் நாலுக்கும் குறைவான ஓர் எண் போட்டிருந்தார்கள். மலாயில் 'இவ்வளவு குறைந்த வட்டியிலிருந்து' என்று அதற்கு அர்த்தம். உள்ளே போய்க் கேட்டால், அது பெரிய சம்பளக்காரர்களுக்காம். "வெளில எழுதி வச்சிருக்கீங்களே?" என்றேன். 'செரண்டா' என்றுதானே எழுதியிருக்கிறோம், உங்களுக்கு என்று எழுதவில்லையே என்றார் அங்கிருந்தவர். வீட்டில் சொன்னபோது என் கணவர், "செரண்டாங்கிறது சிலாங்கூர்ல ஒரு ஊரு. அங்க போய்க் கேட்டிருக்கணும் நீ" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வங்கியில் வயதான சீன அதிகாரி. சிரிக்கவே இல்லை, அக்கா தங்கை என்று உறவும் கொண்டாடவில்லை. தாள்களைப் பார்த்தார், கால்குலேட்டரைத் தட்டினார், நாலு என்றார். நாலரைக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மாதம் அறுபது வெள்ளிக்கு மேல் வந்தது. அவ்வளவுதானா என்று நான் நினைக்கும்போதே முப்பது வருடத்துக்குப் பெருக்கி என் பக்கம் திருப்பினார். இருபதாயிரத்தைத் தாண்டி நின்றது. நாலரையில் நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த அரைக்கு இவ்வளவு பணம்!

நானும் என் கணவரும் நேராக அந்தப் பையனின் வங்கிக்குப் போனோம். வேறிடத்தில் நாலுக்குத் தருகிறார்கள் என்றேன். அவன் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

"அவ்ளோதானா அக்கா? நானும் நாலுக்கே போட்டுத் தரேன் லா."

"அப்ப மண்டபத்துல ஏன் தம்பி நாலரைன்னு சொன்னீங்க?"

"நீங்க யாரும் கொறைச்சுக் கேக்கலையே. மாசம் எவ்வளவுன்னுதானே கேட்டீங்க? அழுத புள்ளதான அக்கா பால் குடிக்கும்."

"புள்ள அழுவட்டும்னு பாலை ஒளிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா நீ?" என்றேன். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று எனக்கே தெரியவில்லை. என் கணவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

பையன் குரலைத் தணித்துக்கொண்டான். "உங்களுக்கு நாலு கன்ஃபர்ம் அக்கா. லயத்துல மட்டும் யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. தோளில் கைபோட்டுத் தமிழ் பேசி, ஒரு லயத்தையே வளைத்துப் போட்டவன், எனக்குத் தரும் நியாயமான வட்டியைக்கூட ஏதோ லஞ்சம் போல நீட்டுகிறான். "கெடச்சிருச்சில்ல, விடு லா" என்றார் என் கணவர். அவனிடம் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. சிரிக்காத மனிதரிடமே போய்ப் போட்டோம்.

அன்று சாயங்காலம் லயத்தில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். கடன் ஒப்பந்தம் எழுத வழக்கறிஞரிடம் இன்னும் போகாதவர்கள் மறுநாள் கூட்டமாக வேன் பிடித்து அந்தப் பையனைப் பார்க்கப் போனார்கள். எல்லாருக்கும் நாலு போட்டுக் கொடுத்தானாம், அதே சிரிப்போடு.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் முந்தின வாரமே வழக்கறிஞரிடம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். இனி மாற்றினால் அபராதம், புதிதாக வழக்கறிஞர் செலவு. கணக்குப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. நான் சொன்னதையெல்லாம் அடுப்படியில் நின்றபடி கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத நீ எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்மா. தெரியாம இருந்தா நிம்மதியா கட்டியிருப்பேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது. அந்தப் பையன் மேல் வந்த அளவுக்கே வந்தது. எங்களைக் கேட்காமல் இருக்கப் பழக்கிய அத்தனை சம்பள நாள்கள் மேலும் வந்தது.

இப்போது தாமானிலும் நாங்கள் அண்டை வீடுதான். வரிசை வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு என் பக்கம் நாலு வட்டி, அவர் பக்கம் நாலரை.