மஃரிபுக்குப் பிறகு சிப்பிப் பாதையில்

போர் மறுபடி மூண்டிருந்ததால் புத்தளத்துக்கு வடக்கே போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கரைத்தீவுப் பக்கம், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்பொன்றில், பார்வையற்ற பெண்கள் சிலர் தாங்களே மாற்றுத்திறனாளிகள் பற்றி ஓர் ஆய்வு நடத்தியிருந்தார்கள். அவர்கள் ஓசை கேட்டு நடக்கும் சிப்பி ஓட்டுப் பாதையில் கிரவல் மண் போட்டு இறுக்கி வீதியாக்கப் பிரதேச சபை தீர்மானித்திருந்தது. அந்தப் பாதை எத்தனை பேருக்குத் தேவை என்று காட்டும் ஆய்வு செல்லும் எனப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தால் சபை யோசிக்கும். அந்த ஒருவர் நான். பார்வையற்றவர்கள் எடுத்த கணக்கு செல்லாது என்று எழுதும் எண்ணத்தோடுதான் புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் நான்கு மணித்தியாலம். சோதனைச் சாவடிகளால் ஆறாயிற்று. புத்தளத்திலிருந்து ஓட்டோவுக்கு 900 ரூபாய். குடியிருப்புக்கு அரைக் கிலோமீற்றர் முன்பே சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"இதுக்கு அங்கால வர மாட்டன் மிஸ். பொழுதுபட்டு மஃரிபு பாங்கும் சொல்லிட்டாங்க. கதைக்காம நடங்க."

"ஏன், செத்த வீடா?"

"செத்த வீடெண்டா சத்தம் இருக்குமே."

இரு பக்கமும் ஓலைக் குடிசைகள். விளக்குகளைத் தணித்துவிட்டு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். வணக்கம் சொன்னேன். ஒருவரும் பேசவில்லை, ஒரு பெண் மட்டும் உதட்டில் விரலை வைத்தாள். என் காலடியில் சிப்பி ஓடுகள் நொறுங்கின. சற்றுப் பின்னால் இன்னொரு காலடி. நின்றேன், அதுவும் நின்றது. திரும்பினால் பாதையோரக் கடல்நீர்க் களப்பின் இருட்டுத்தான் தெரிந்தது.

பாதை முடியும் வீட்டில் றஹீமா கதிரையில் அமர்ந்திருந்தார். ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். நான் வாய் திறக்கக் கையை உயர்த்தினார். வெகுநேரம் கழித்தே, "இனிக் கதைக்கலாம்" என்றார்.

தினமும் மஃரிபுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஊர் பேசுவதில்லையாம். பார்வையற்றவர்கள் அப்போதுதான் தடையின்றி நடப்பார்கள். வீட்டார் வெளியே காட்டாமல் ஒளித்து வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளும் கிணற்றடிக்கு வருவார்கள். ஒருவரையும் வெளிச்சம் போட்டுப் பார்க்காமல், இழுபடும் கால்களையும் ஊன்றுகோல்களையும் கேட்டே, சபையின் கணக்கில் இல்லாதவர்களை இவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பிறகு அவர்களிடமே சம்மதம் கேட்டுப் பதிந்தார்கள்.

"என் பின்னால் வந்தது யார்?"

"எங்கட ஆய்வாளர்" என்றார் றஹீமா. "மர்யம், சொல்லுங்க."

வாசலில் நின்றிருந்த, அவரைப் போலவே பார்வையற்ற பெண் சொன்னாள்: "மிஸ்ஸுக்கு வலது முழங்கால்ல நோவு. நாள்பட்டது."

அதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஓட்டோவிலிருந்து இறங்கும்போது யாரோ பார்த்திருக்கலாம் என்றேன்.

"பாத்தவங்க இடது காலெண்டுதான் சொல்லியிருப்பாங்க" என்றார் றஹீமா. "பாரத்த அதில போட்டு அந்தப் பக்கம்தானே சாயுறீங்க. எழுதித் தருவீங்களா?"

"ஓம்."

"அப்ப எங்கட பேருகளுக்குக் கீழ, உங்கட பேரக் கடைசியில போடுங்க."

அப்படியே போட்டேன். ஒற்றை முழங்காலை வைத்து ஓர் ஆய்வை ஏற்றது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். மறுநாள் பகலில் அவர்கள் பதிந்த ஆறு வீடுகளுக்குப் போனேன். ஆறிலும் அவர்கள் பதிந்த ஆள் இருந்தது.

போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பகல் பஸ்ஸைப் பிடியுங்கள். கிரவலைச் சபை இப்போதைக்கு வேறொரு குறுகிய ஒழுங்கைப் பாதைக்குத் திருப்பியிருக்கிறது. மாரி மழை முடிந்ததும் சிப்பிப் பாதை பற்றி மீண்டும் பேசுவார்களாம். அந்தக் கூட்டத்துக்கு றஹீமாவை அழைத்திருக்கிறார்கள்; என்னை அழைக்கவில்லை.