காருக்குப் போட்ட சாம்பிராணி

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதுக்கு மேல் படித்ததில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கடையில் வேறு சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டால்கூட மாற்றித் தா என்று கேட்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறவள். இப்படிப்பட்டவள் ஒரு பழைய காரைப் பற்றி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று பல நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் அந்த வெள்ளைக் காரின் பின்சீட்டு பெல்ட்டை, அது சுருண்டு கிடந்த இடத்திலிருந்து முழுதாக வெளியே இழுத்தபோது, அதன் கடைசி முழத்தில் தெரிந்த பழுப்புக் கறை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஊரே மழையில் முழுகிய அந்த வருடம் கழிந்து, எல்லாம் காய்ந்து, தெருக்கள் பழையபடி ஆன பிறகு என் வீட்டுக்காரர் வாங்கிய கார் அது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. அவரும் என்னைப் போலத்தான், அதிகம் பேசமாட்டார். பழைய கார் விற்கும் கன்சல்டிங் ஒன்றுக்குத் தனியாகப் போய், அவர்கள் காட்டியதைப் பார்த்து, சரி என்று ஓட்டி வந்துவிட்டார். மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கபாலி கோயில் வாசலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பக்கத்து வீட்டுப் பெண்களை ஒருத்தர் மடியில் ஒருத்தராக உட்காரவைத்து பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் போய்வந்தோம். வாயே திறக்காத நான் அன்று வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்ததாக அவர் பிறகு சொன்னார்.

முதல் சித்திரை வெயில் ஏறியபோது ஒரு நாள், "வீட்டுக்குப் போடற சாம்பிராணிய வெள்ளிக்கிழமைல வண்டிக்கும் போடேன், நல்லது" என்றார். விபூதிகூடத் தேடிப் பூசாத மனிதர். அவருக்கு பக்தி வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. அன்றிலிருந்து வெள்ளிதோறும் கப் சாம்பிராணி ஒன்றை ஏற்றி, பழைய தட்டில் வைத்து, காருக்குள் வைத்துக் கதவுகளைச் சாத்துவேன். கண்ணாடிக்குள் புகை சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வெள்ளிகூட விட்டதில்லை. நான் ஊரில் இல்லாவிட்டால் அவரே போடுவார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் பட்டினப்பாக்கத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். உலகத்தில் யாரிடமும் வாதம் செய்யத் தெரியாத நான் அவளிடம் மட்டும் செய்வேன். அதற்குக் காரணம் அவள்தான். கூடையை இறக்கியதும், "யக்கா, இன்னா பயந்துக்கினு தள்ளி நிக்கிற, மீனு கடிக்காது" என்று சிரித்தே என்னைப் பேசவைத்தவள். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக எடுத்துச் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன். "பாரு பாரு, பல்லையும் எண்ணிப் பாரு. பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்மா நேரம் பாக்கமாட்டாங்க" என்பாள். ஒரு நாளும் கோபித்ததில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு மீன் போனில் சொன்னால் வருகிறது. துண்டு போட்டு, கழுவி, மூடிய டப்பாவில். தூக்கிப் பார்க்கச் செவுள் கிடையாது.

அவருக்குக் கண்பார்வை மங்கி, டாக்டர் இனி கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். விற்கப்போகிறோம் என்று மீன்காரம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கண் விரிந்தது. "நான் எடுத்துக்கறேன்க்கா. காசிமேட்லேந்து கூடைய ஏத்தினு வர ஆட்டோக்காரன்ட்ட தெனம் மல்லுக்கட்ட முடியல. மருமவன் ஓட்டுவான், மெக்கானிக்கு அவன். உன் வண்டின்னா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்றாள்.

அன்று மாலை அவரிடம் சொன்னதும், "அவங்களுக்கு வேணாம். வேற ஆள் பாக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஏன், மீன் ஏத்தினா உங்க காரு அசிங்கமாயிடுமா?" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி, வரச்சொல்லு" என்று முடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் குறைவு என்பதால் அன்றைக்கே வந்தார்கள். நல்ல காரியம் நடக்கிற நாளாயிற்றே என்று நான் காலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரண்டு கப் ஏற்றி வைத்திருந்தேன். மருமகன் திருவான்மியூரில் ஒரு ஷெட்டில் வேலை செய்பவன். வந்ததும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். "சூடு இல்ல. ஓகே" என்றான். நாங்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எஞ்சின் கோளாறு தெரியாதாம். எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். கதவுகளை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தான், எங்காவது பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று. ஸ்டார்ட் பண்ணிச் சைலன்ஸரின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தான், புகையில் கரி படிகிறதா என்று. தெருமுனை வரை ஓட்டிப் போய் ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்து வந்தான். கால்மிதியைத் தூக்கப்போனபோது மட்டும் என் வீட்டுக்காரர் அவசரமாக, "அது ஒட்டிப்போச்சு தம்பி, வராது" என்றார். அவனும் விட்டுவிட்டான். "அத்தே, எஞ்சின் சூப்பரா கீது" என்று கையைத் துடைத்தான்.

எனக்கு வாயெல்லாம் பல். காபி கலக்க உள்ளே போகப்போனேன்.

"இரு மாப்ள, நான் ஒருவாட்டி குந்திப் பாக்கறேன்" என்று மீன்காரம்மா பின்சீட்டில் ஏறினாள். கண்ணாடிகளை ஏற்றச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு உச்சி வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் காபி கொண்டுவந்தபோதுதான் இறங்கினாள். முகம் வேர்த்திருந்தது. சிரிப்பு இல்லை.

"இன்னாக்கா இம்மா சாம்பிராணி?"

"வெள்ளிக்கிழமை இல்லையா, வாராவாரம் போடுவேன்" என்றேன், பெருமையாகத்தான்.

"மீன் விக்கிறவ நான். நான் போட்டா வாடைய மறைக்கன்னு ஒரு நாயம் கீது. நீ எத மறைக்கப் போட்ட?" என்றவள் மருமகன் பக்கம் திரும்பி, "அடில சேத்து வாடை கீதுடா. கூவத்துத் தண்ணி வடிஞ்ச வூடு மாதிரி. நல்லாப் பாரு" என்றாள்.

அவன் யோசித்தான். பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். "இத யாரும் கடைசி வரைக்கும் இழுக்கமாட்டாங்க அத்தே. கழுவறவனும் கழுவமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். மேலெல்லாம் சுத்தமான கறுப்பு. கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டியதும் சலித்த மாவு போல வண்டல் உதிர்ந்தது. "வெள்ளத்துல நின்ன வண்டி. சீட்டுக்கு மேல தண்ணி ஏறிக்கீது. என்னிக்கி ஒயரு புட்டுக்கும்னு சொல்ல முடியாது. காசிமேடு போற வழியில நடுராத்திரி நின்னா மீனு அம்போ" என்றான்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். அந்த ஒரு நொடியில் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. சித்திரை வெயிலில் வந்த பக்தி, ஒட்டிப்போன கால்மிதி, "அவங்களுக்கு வேணாம்" என்றது. இத்தனை வருடம் என் கையாலேயே அந்த நாற்றத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மீன்காரம்மா என் கையிலிருந்த காபியை வாங்கவில்லை. "யக்கா, உனுக்குத் தெரியுமா தெரியாதா? நீ ஒரு வார்த்த சொல்லு, நான் நம்பிக்கறேன்" என்றாள்.

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் எனக்குத் தெரியாது என்றால் பிறகு யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கம் அவரைத் தவிர வேறு யாரும் நிற்கவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். சொல்லப்போகிறாரா, அழப்போகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பட்டினப்பாக்கத்துக் குரலில் நாலு வீடு கேட்கத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மெதுவாகத்தான் பேசினாள். "என் கூடைல ஒரு மீனு வுடாம செவுளத் தூக்கிப் பாப்பியேக்கா. நான் என்னிக்காவது கோச்சிக்கினேனா? சரி வுடு. வா மாப்ள." தெருமுனை திரும்பும் வரை அவள் பின்னால் பார்க்கவில்லை. காபித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் வெயிலில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் மூடிய சத்தம் கேட்டது.

மாலையில்தான் அவர் பேசினார். வாங்கிய மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டதாம். கன்சல்டிங்கில் போய்க் கேட்டபோது, பார்த்துத்தானே எடுத்தாய் என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். "நீ அன்னிக்கி பீச்சுக்குப் போறப்ப அவ்ளோ சந்தோஷமா பேசினே. எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு" என்றார்.

"மீன்காரம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அவங்ககிட்ட சொன்னா உனக்கும் தெரிஞ்சிடுமே" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கப்படுகிற இரண்டு பேர் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று தோன்றியது. பட்டினப்பாக்கம் போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் அப்புறம் சில தடவை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிடுவார். நானும் போகச்சொல்லித் தள்ளவில்லை. அவர்மேல் விழவேண்டிய பழியை, அவர் அவள் முன்னால் தலைகுனியக் கூடாதென்று நானே ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதனால் அவள் இழந்தது என்ன என்பதை அப்போது நினைக்கவில்லை. நம்பிக்கறேன் என்று சொன்னவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அவள் தெருத்தெருவாக நடந்து விற்றாலும் அழுகிய மீனை எனக்கு ஒரு நாளும் தந்ததில்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது, பேரு மட்டும் போடாதே" என்றார்.

இனி அந்த வண்டியை ஓட்டுவதற்கென்று யாருக்கும் விற்பதில்லை என்று அந்த வெள்ளிக்கிழமை மாலையே முடிவு செய்தோம். மறுநாள் காலை மீன்காரம்மா எங்கள் தெருவுக்கு வந்தாள். எதிர்வீட்டில் சங்கரா மீன் கொடுத்துவிட்டு, எங்கள் வாசலில் நிற்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். மத்தியானம் பழைய வண்டி உடைக்கிற இடத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முன்பக்கம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான்.