கூரையில் போடாத ஓட்டை

மூன்று வருடம் என் வேலை மேசைக்கு அடியில் ஒரு புகைக்குழாய் கிடந்தது. இரண்டடி நீளம், ஒரு முனையில் மழை இறங்காமலிருக்கத் தொப்பி. நடுவில் நீல மையால் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ‘மேலே’ என்று எழுத்து. கேஸ் வேலையில் இருபது வருடம் கழித்தவன் நான். குழாயைத் தலைகீழாக மாட்டிவிடுவேன் என்று என்மேல் அவ்வளவு நம்பிக்கை! எழுதியவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கடையைப் பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அந்தக் குழாயில் இடித்து டங்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் நானும் உண்டு.

எனக்கு யாங்கோனில், தின்கன்ஜூன் பகுதியில் கடை. அடுப்பு, ஹீட்டர் எல்லாம் மாட்டுவேன், பழுது பார்ப்பேன். மாப்பிள்ளை இன்சீன்காரர். கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் ஒரு கம்பெனியில் வேலை. யாங்கோன் கண்ணாடியைத் துடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கரண்டு போகும்போதெல்லாம் கீழே ஜெனரேட்டர் ஓடும், அந்தக் கரி மேலே ஏறும். பக்கத்திலேயே டீக்கடையில் ஈச்சாக்குவே என்கிற நீள மாவுப்பண்டம் பொரிப்பார்கள், அந்த எண்ணெய்ப்புகை கரியைப் பிடித்து ஒட்டவைக்கும். பச்சைத்தண்ணீர் பட்டால் அது போகாது, இன்னும் பரவும். மாப்பிள்ளை தெரியாத்தனமாக ஒருநாள் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய் ஒரு நகைக்கடைக் கண்ணாடியைத் துடைத்துக் காட்டிவிட்டார். நகைக்கடைக்காரர் வாசலில் நின்று தன் முகத்தைத் தானே பார்த்துத் தலைவாரிக்கொண்டாராம். வந்தது வினை. மேனேஜருக்கு உடனே வேனில் வெந்நீர் வேண்டும் என்றாகிவிட்டது.

மேனேஜரும் நம்மவர்தான். ஆனால் எல்லோரும் பர்மிய வழக்கப்படி அவரை ‘ஸயா’, அதாவது ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும், அதில் அவருக்கு ஒரு சுகம். மின்சாரம் முறைவைத்து வருகிற ஊரில் கரண்டு ஹீட்டர் ஆகாது, கேஸ்தான் சரி என்று அவரே முடிவு செய்தார். ஜப்பானில் யார் வீட்டுக் குளியலறைக்கோ வெந்நீர் கொடுத்துத் தேய்ந்த ஒரு பழைய ஹீட்டரை வாங்கினார். அது வெளிச்சுவரில், திறந்த காற்றில் மாட்டுகிற சாமான். மூடிய வண்டிக்குள் வைப்பதென்றால் சுற்றிலும் தகரப் பெட்டி அடைத்து, எரிந்த காற்றைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே விட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காற்றில் வாசனை இராது, நிறம் இராது, ஆளை உட்கார்ந்த இடத்திலேயே சாய்த்துவிடும். இதையெல்லாம் நான் சொன்னேன். மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே அவர் அளவு பார்த்துக் குழாயை வாங்கி, அம்புக்குறியும் போட்டுக் கொண்டுவந்து நின்றார். குழாயை வேனின் உள்கூரையில் வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். மாப்பிள்ளை கீழே நின்று, “கொஞ்சம் பின்னால தள்ளு மச்சான், தொடைக்கிற கழி இடிக்கும்” என்றார். தள்ளித்தான் போட்டேன்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். கூரையில் ஓட்டையா? ஆளே மாறிப்போனார். வேனின் கூரை முழுக்கக் கம்பெனி பெயரைச் சிவப்பு வண்ணத்தில் எழுதி வைத்திருந்தார். பத்தாவது மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கீழே பார்த்தால் படிக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக? சிலிண்டர் கசிந்தால் கேஸ் கீழே இறங்கிப் போகத் தரையில் ஓட்டை வேண்டும் என்றேன். “தாராளமா போடு” என்றார். தரையை யார் பார்க்கிறார்கள்? கூரையில் மட்டும் கூடாது. “எழுத்து கெட்டுப்போகும். ஹீட்டர் எரியிறப்ப கதவத் திறந்து வெச்சுக்கிட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு ஓட்டை?” என்றார். பிறகு ஹீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். நான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கம்பெனியின் மற்ற வேன்களும் என் கடைக்கே வரும் என்று பேச்சு இருந்தது. தலையாட்டிவிட்டு, குழாய் இல்லாமலே ஹீட்டரை மாட்டிக் கொடுத்தேன்.

கதவைத் திறந்து வைப்பதாம்! இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற யாராவது சொல்வார்களா? நம் தெருவில் வண்டிகள் வலப்பக்கமாகப் போகின்றன. வேன்களோ, இடப்பக்கமாக வண்டி ஓட்டுகிற ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே நடைபாதைப் பக்கம் திறக்கிற கதவு, இங்கே நட்டநடுத் தெருவைப் பார்த்துத் திறக்கும். பஸ் உரசிக்கொண்டு போகிற சாலையில் அந்தக் கதவை யார் நாள் முழுக்கத் திறந்து வைப்பார்கள்? யாங்கோன்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் கம்பெனி ஆட்களும் செய்தார்கள். பக்கக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பின்கதவு வழியாக ஏறி இறங்கினார்கள். மழை அடித்தால் பின்கதவையும் சாத்துவார்கள். எனக்கும் இது தெரியும், மேனேஜருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

அது ஆடி மாதம். இங்கே ஆடி என்றால் வானம் கிழிந்ததுபோல மழை. இன்சீனில் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் வருடா வருடம் கரகம் எடுப்பவர் மாப்பிள்ளை. காப்புக் கட்டிப் பத்தாவது நாள் கரகம். அந்தப் பத்து நாளும் ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, வாயில் வெற்றிலைகூடக் கிடையாது. கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அவர் நடையே மாறிவிடும். தங்கையே அவரை ‘வாங்க, போங்க’ என்பாள். அந்த வருடம் காப்புக் கட்டிய ஐந்தாம் நாள், கொட்டுகிற மழையில் ஒரு வங்கிக் கட்டடத்தில் வேலை. இரண்டு பேர் வெளியே கழி பிடித்து நின்றார்கள். மாப்பிள்ளை வேனுக்குள் உட்கார்ந்து பம்பையும் ஹீட்டரையும் பார்த்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் சூடு குறைகிறது என்று சொல்ல அவர்களில் ஒருவர் வந்து பின்கதவைத் திறந்திருக்கிறார். மாப்பிள்ளை தொட்டியின்மேல் தலை சாய்ந்து கிடந்தார்.

மழையில் இழுத்துப் போட்டதில் மூச்சு வந்தது. எழுந்தவர் தள்ளாடினார், நாக்குக் குழறியது, வாந்தி எடுத்தார், யாரையும் அடையாளம் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கிய மேனேஜர் வாய் கூசாமல் சொன்னார்: “காலையிலயே ஏத்திக்கிட்டு வந்திருக்கான்.” அவ்வளவுதான். பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். யாரும் எதையும் சோதிக்கவில்லை. கையில் மஞ்சள் கயிறு கட்டிய மனிதர் குடித்திருப்பாரா என்று அங்கே நின்ற ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே! மேனேஜர் அந்தக் கோயிலில் அன்னதானம் செய்கிறவர், கமிட்டியில் நாற்காலி உள்ளவர். மாலைக்குள் சேதி கோயிலுக்குப் போய்விட்டது. மறுநாள் கமிட்டித் தலைவர் இரண்டு பேருடன் வீட்டுக்கு வந்து, காப்பை அவிழ்த்துக் கொடுத்துவிடும்படி கேட்டார். தலைவலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை, “நான் குடிக்கலைங்க” என்று ஒருமுறை சொன்னார். அவர்கள் நகரவில்லை. தானே பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.

சேதி கேட்டதும் நான் ஓடிப்போய் வேனைத்தான் பார்த்தேன். வேறெங்கும் பார்க்கத் தேவையில்லை. ஹீட்டர் புகை போக வழியில்லாமல், மூக்கைச் சிந்தாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது, இரண்டு கதவிலும் ரப்பர் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. என்ன நடந்தது என்று நொடியில் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. குழாய் இல்லாமல் மாட்டியவன் யார் என்று கேட்பார்கள் அல்லவா? கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்களோ என்று பயம். நான்கு நாள் விழுங்கிக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் வேறு ஒருவர் தலையில் கரகம் போயிற்று. மேனேஜர் பட்டு வேட்டியில் முன்னால் தாம்பாளம் ஏந்தி நடந்தார். மாப்பிள்ளை வீட்டு வாசல் வழியாக மேளம் போனபோது உள்ளே கதவு சாத்தியிருந்தது. தங்கை மட்டும் மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்றாள். கூட்டத்தில் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தாள். “அண்ணே, அது நீ மாட்டுனதுதானே? உனக்குமா தெரியல?” என்றாள். திட்டியிருக்கலாம். அவள் கேட்கத்தான் செய்தாள்.

அன்று சாயங்காலமே கமிட்டி முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ஓட்டை, கதவு, நான் தலையாட்டியது, ஒன்றையும் விடவில்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே, “தங்கச்சி புருஷனுக்காகப் பேசறாரு, பேசட்டும்” என்றார். தலைவர் தொண்டையைக் கனைத்துவிட்டு, முடிந்த திருவிழாவைத் திருப்பி நடத்த முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்க அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். திருத்த ஒரு வருடம் வேண்டுமாம். சொன்னபடி அடுத்த வருடம் கூப்பிடவும் செய்தார்கள். “அவுக்கச் சொன்ன அந்தக் கையால எனக்குக் காப்பு வேணாம்” என்று மாப்பிள்ளை மறுத்துவிட்டார். வேலையும் போய், வாளியும் ஏணியுமாகக் கடைகடையாகப் போய்ப் பச்சைத்தண்ணீரில் துடைக்க ஆரம்பித்தார். என்மேல் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. ஒருமுறைகூட அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. கம்பெனி வேனில் மட்டும், கதவைத் திறந்து வைக்கவும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்களாம். என் கடைக்கு அப்புறம் அவர்கள் வேன் வரவில்லை.

இந்த வருடம் மழை தொடங்கிய வாரத்தில் அதே வேன் வந்தது. ஓட்டிவந்தவர் நான் முன்பின் பார்த்திராத பர்மிய டிரைவர், நாற்பது வயதிருக்கும். மேனேஜர் அனுப்பவில்லை, அவராகவே வந்திருந்தார். மழை நாளில் வேனுக்குள் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, நேற்று வாந்தி வந்தது, யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் குடித்தேன் என்பார்கள் என்றார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். ஏணியைத் தோளில் போட்டபடியே வந்துவிட்டார். இரண்டு பேரும் வேனுக்குள் ஏறி அண்ணாந்து பார்த்தோம். நான் போட்ட பென்சில் வட்டம் அப்படியே இருந்தது. மூன்று வருடமாக அதற்கு அடியில் ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாரையும் கேட்கவில்லை. வட்டத்தின்மேல் வரிசையாகத் துளை போட்டு, தகரக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். மாப்பிள்ளை மேசைக்கு அடியில் குனிந்து குழாயை இழுத்து, தூசியை இடுப்பில் கட்டிய லோஞ்சியில் துடைத்து, அம்புக்குறியை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே நீட்டினார். மாட்டி, சுற்றிலும் பூசி, ஹீட்டரைத் தகரத்தால் பெட்டி அடைத்து முடித்தபோது டிரைவரின் போன் அடித்தது. வேன் என் கடையில் நிற்கிறது, கூரையில் ஓட்டை விழுகிறது என்று யாரோ மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். மேனேஜரின் குரல் எங்களுக்கே கேட்டது. யாரைக் கேட்டு ஓட்டை போட்டான், கூப்பிடு அவனை என்று கத்தினார். நான் கை நீட்டுவதற்குள் மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டார்.

“ஸயா, நான் அன்னைக்குக் குடிக்கலை” என்றார்.

அந்தப் பக்கம் கத்தல் நின்றது. மாப்பிள்ளை போனை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டார். வெட்டிய தகட்டை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் சிவப்பு எழுத்தின் பாதி, மறுபக்கம் என் பென்சில் கோடு. மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் எல்லாக் கதவையும் இழுத்துச் சாத்திக்கொண்டு போனார். மேசைக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை. விளக்குமாறு தடங்கலில்லாமல் போகிறது, நானோ அந்த இடம் வந்ததும் ஒரு நொடி நின்றுதான் பெருக்குகிறேன்.