இரண்டு மொட்டைகளும் ஒரு ஸ்ப்ளெண்டரும்

டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் வேதாச்சலம் தன் ஸ்ப்ளெண்டருக்குப் பக்கத்தில் குந்தி, ப்ளக் வயரின் முனையில் இருக்கிற கறுப்பு மூடியைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்; அது இல்லாமல் வண்டி கிளம்பாது. பிறகு ஹேண்டில் பூட்டு. அதற்குப் பிறகு முன்சக்கரத்துக்குச் சங்கிலி. இவ்வளவும் ஆன பிறகு பெஞ்சின் ஓரத்தில், வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, கிளாஸுக்கு மேலாக அதையே பார்த்துக்கொண்டு டீ குடிப்பார். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் வண்டியிடம்தான் பதில் சொல்வார்.

வண்டி திருடு போய்த் திரும்பி வந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு சட்டைகளின் பையில் கிரீஸ் கறை. “இன்னாயா இது, நெஞ்சுல ஆயில் ஒழுகுது?” என்று மனைவி கன்னிகா கேட்டால், “கறைதானே, தொவச்சா போய்டும். வண்டி போனா வருமா?” என்பார். கன்னிகா துவைத்துப் பார்த்துவிட்டார். போகவில்லை.

பூர்வீகம் தமிழ்நாட்டு எல்லையோரம் பாலசமுத்திரம். அங்கே தம்பியின் தோப்பில் அறுக்கிற வாழை இலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்துவிடும். கட்டுகளை இறக்கி, வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கி, ஓட்டல் ஓட்டலாகப் போடுவது வேதாச்சலத்தின் தொழில். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வாழைமரமே வண்டி ஓட்டிக்கொண்டு போவது போல இருக்கும். சமையல்காரர்களிடம் தெலுங்கில் பேரம், தம்பியிடம் போனில் தமிழில் சண்டை, பெருமாளிடம் இரண்டிலும் வேண்டுதல். ஓட்டலில் யாராவது சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டால் போதும், “எலை யாருதுன்னு கேளுங்க” என்று நடுவில் புகுந்துவிடுவார். தன் வாழ்க்கையில் குறை இருப்பதாக அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி போனது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில். சாவியை அதிலேயே விட்டுவிட்டு உள்ளே கட்டு இறக்கப் போனார், எப்போதும் அப்படித்தான். திரும்பி வந்தபோது வாசலில் கோலம் இருந்தது, வண்டி இல்லை. அங்கேயே நின்று மலையைப் பார்த்து, வண்டி கிடைத்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். போலீஸுக்குப் போகவில்லை. பெருமாளிடம் சொன்ன பிறகு போலீஸிடமும் சொன்னால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்பது வேதாச்சலத்தின் கட்சி.

பெருமாள் கொஞ்சம் நிதானமாகத்தான் கேட்டார். அதுவரை ஷேர் ஆட்டோவில் இலை போட வேண்டியிருந்தது. “எலை மேலயே குந்திக்கினு வராங்கப்பா, சொன்னா மொறைக்கிறாங்க” என்று புலம்பினார். கிழிந்த இலையும் தாமதமும் பொறுக்காமல், வெகுநாளாக இலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஓட்டல் பேப்பர் இலைக்கு மாறிவிட்டது. அது அவருக்குப் பெரிய அடி. அந்த ஓட்டலைத் தாண்டும்போதெல்லாம் வாய் தானாக முணுமுணுக்கும்.

திருடனுக்கு என்ன தண்டனை என்பதில் அவருக்கே ஒரு முடிவு கிடையாது. காலையில் கையை முறிக்க வேண்டும். பத்து மணிக்கு ஜெயிலில் போட வேண்டும். மத்தியானம் சோறு சாப்பிட்டு ஏப்பம் விட்டதும், “எவன் பெத்த புள்ளையோ” என்பார். “உன் தண்டனை பசிக்கு முன்ன ஒண்ணு, பசிக்குப் பின்ன ஒண்ணு. நல்லவேளை, நீ ஜட்ஜ் ஆவல” என்று கன்னிகா சிரிப்பார்.

கடைசியில் வண்டி இருந்தது அவருடைய காலனியிலேயே, பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டுக்குள், தார்ப்பாய் போர்த்தி. எடுத்தவர்கள் இரண்டு பையன்கள். ஒருவன் ஓடிவிட்டான். பிடிபட்டவன் நிதின், இரண்டு தெரு தள்ளி வீடு, ஐடிஐ படிக்கிறான், வயது பதினேழு. விற்கத்தான் எடுத்தார்களாம்; எடுத்த பிறகு ஓட்டிப் பார்க்கிற ஆசையில் விற்க மறந்துவிட்டார்களாம். நம்பர் பிளேட்டைக் காணோம். ஆனால் செயினுக்கு எண்ணெய் போட்டு, டேங்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான் பாவி. அதுவரை நாலு உதை கேட்ட வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அதில் வேதாச்சலத்துக்கு வந்தது சந்தோஷமா கோபமா என்று அவருக்கே புரியவில்லை.

காலனி கூடிப் பேசியது. போலீஸ் என்றால் பையன் படிப்பு போகும், சும்மா விட்டால் நாளைக்கு நம் வண்டி போகும். சங்கத் தலைவர் சுரேஷ்பாபுதான் வழி சொன்னார்: நடுத்தெருவில் உட்காரவைத்து மொட்டை அடித்துவிடுவோம், தலை காட்ட முடியாமல் கிடக்கட்டும். அப்படியே செய்தார்கள். கத்தி போன வேகத்தில் தலையில் நாலைந்து கீறல்.

திருப்பதியில் மொட்டை ஒரு தண்டனையா என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் நிதின் தெருவில் இறங்கியதும் ஆட்டோக்காரர் “கோவிந்தா!” என்று கும்பிட்டார். பஸ்ஸில் ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள், மேலே கூட்டம் எப்படி, எத்தனை மணி நேரம் ஆச்சு என்று விசாரித்தார்கள். ஒரு பெரியவர் லட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

“மொட்டை வேஸ்ட் அயிபோயிந்தி அண்ணா” என்று சுரேஷ்பாபு தெலுங்கில் அலுத்துக்கொண்டு, தமிழுக்கு மாறினார். “தண்டனை குடுக்கப் போயி மரியாதை குடுத்துட்டோம். நீ கம்ப்ளெயின்ட் குடுத்துடு. ஒரு கேஸு விழுந்தாத்தான் பயம் வரும்.”

வேதாச்சலம் சரி என்றார். ஓட்டல் போனது அவருக்குத்தானே? ஆனால் அன்று சாயங்காலம் பையனின் அம்மா ஸ்ரீதேவி, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டை கழுத்தில் தொங்க நேராக அவர் வீட்டுக்கு வந்தார். அழவில்லை, காலில் விழவில்லை. “குடுக்கிறதுன்னா குடுண்ணா, உன் வண்டி, நியாயம்தான். என்னிக்கின்னு மட்டும் முன்னயே சொல்லிடு. நான் லீவு சொல்லணும்” என்றார். வேதாச்சலத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. பசிக்குப் பின்னால் வர வேண்டிய தீர்ப்பு வராமலே நின்றுவிட்டது.

இன்று காலை மலைக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்திருக்கிறார். தலை முழுக்கச் சந்தனம். மிச்சத்தை ஒரு இலைத் துண்டில் மடித்துப் பெஞ்சில் பக்கத்தில் வைத்திருக்கிறார். சுரேஷ்பாபு டீக்கடைக்கே பைக்கில் வந்து, ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று இன்ஜினை அணைக்காமல் நிற்கிறார். அந்த நேரம் பார்த்து நிதின் தெருவில் போகிறான். கீறல்கள் காய்ந்து, வெயிலில் தலை சிவந்திருக்கிறது.

“டேய், இங்க வா.”

வருகிறான்.

“நீ வண்டிய தூக்கிக்கினு போனதால எனக்கு ஒரு ஓட்டலே போய்ட்ச்சி. தெரியுமாடா உனக்கு?”

“தெரியும் மாமா. அம்மா சொல்லிச்சி.” பையன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். “நேத்து அங்க போனேன்.”

“எங்க?”

“அந்த ஓட்டலுக்கு. வண்டிய எடுத்தது நான்தான், மாமா மேல தப்பு இல்ல, மறுபடி எலை வாங்கிக்குங்கன்னு சொன்னேன். நம்பல. மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வந்து திருடன்னு சொல்றியேன்னு சிரிச்சாங்க. டிபன் துன்னுட்டுப் போன்னாங்க.”

“துன்னியா?”

“இல்ல மாமா. வந்துட்டேன்.”

சுரேஷ்பாபு ஹாரன் அடிக்கிறார். “அண்ணா, டைம் ஆவுது.”

“நீ போப்பா. நான் வரல” என்கிறார் வேதாச்சலம், திரும்பிப் பார்க்காமல். பிறகு பையனின் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, மொட்டைத் தலையில் ணங்கென்று ஒரு குட்டு வைக்கிறார். டீக்கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்க்கிறார். பையன் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. கழுத்தைப் பிடித்த கையை எடுக்காமலே, மற்றக் கையால் இலைத் துண்டைப் பிரித்து, குட்டிய இடத்தில் தொடங்கிக் கீறல் கீறலாகச் சந்தனத்தைத் தடவுகிறார்.