வரிசையில் இரண்டாவது ஆள்

கொரில்லாப் போரைப் பற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் நல்லதம்பியிடம் யாராவது வாய்கொடுத்தால், ஆலங்குடித் தேநீர்க்கடையில் இருப்பவர்களுக்குப் பேருந்து தவறிப்போகும்.

“காட்டுல இருக்கவன வெரட்டிப் பிரயோசனமில்லப்பா. அவனுக்குச் சோறு போற வழிய அடைக்கணும். அதுல வெள்ளக்காரன் எமகாதகன்!” என்பார்.

மலாயாவில் ஆங்கிலேயப் படை தோட்டத் தொழிலாளர்களை முள்வேலிக்குள் குடியேற்றி, வீட்டில் அரிசி வைத்திருக்க விடாமல், பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கிக் கொடுத்தது. சோறு ஊசிப்போகும், காட்டுக்குக் கடத்த இயலாது. பின்னாளில் இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் நல்லதம்பியின் படையும் ஊர்களை ஒன்றுசேர்த்தது. ஆனால், அரிசியை அளந்து வீட்டுக்கே தந்தது. இரண்டில் எது மேல் என்று அவர் இன்றளவும் எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி அழகி, அந்த மலாயா வேலிக்குள் வளர்ந்தவர். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, இவரும் கேட்டதில்லை. சென்ற ஆடியில் அழகிக்கு நினைவு தடுமாறத் தொடங்கியபின் அந்த வேலி வீட்டுக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் சமையலறை வாசலில் கைகளைத் தூக்கி நின்றுவிடுவார். அரிசி கடத்துகிறார்களா என்று காவலர் பார்க்கும் சோதனை முடியாமல் உள்ளே போகக் கூடாதாம். நேற்றிலிருந்து வெறும் தண்ணீர்தான்.

“அம்மா, இது நம்ம வீடு. வந்து சாப்புடு,” என்றாள் மகள் செல்வராணி.

“சத்தம் போடாத. தொரை பாக்குறாரு.”

“எனக்குத் தெரியாத சோதனையா?” என்ற நல்லதம்பி, பழைய படைத்தொப்பியை அணிந்து வாசலில் விறைப்பாக நின்றார். “சோதன முடிஞ்சிருச்சு. போகலாம்!”

தொப்பியைக் கண்டதும் அழகி ஓரடி பின்வாங்கினார். முந்தானையை உதறிக் காட்டினார்.

“அரிசி இல்லிங்கய்யா.”

“அப்பா! மொதல்ல அதக் கழட்டுங்க!”

கழற்றினார். இத்தனை கால ஒப்பீட்டிலும் அவர் காவலர் நின்ற பக்கமே நின்றிருந்தார். இப்போது மெல்ல நடந்து, அழகிக்குப் பின்னால் போய் நின்று, தாமும் கைகளைத் தூக்கினார். வலத்தோள் முழுதாக உயரவில்லை.

அழகி திரும்பிக் கிசுகிசுத்தார். “மடியில அரிசி வச்சிருக்கியா?”

“இல்ல.”

“அப்பறம் எதுக்குப் பயப்படுற? கைய நல்லாத் தூக்கு.” அவர் முழங்கையை அழகியே தாங்கிப் பிடித்தார்.

செல்வராணி வழிவிட்டு ஒதுங்கினாள். “ரெண்டு பேரும் உள்ள வாங்க.”

இலையின் முன் அமர்ந்ததும், அழகி முதல் கவளத்தைப் பிசைந்து நல்லதம்பியின் கையில் வைத்தார்.

“சுருக்காத் தின்னு. வச்சிருந்தா ஊசிப்போகும்.”

அவர் தின்றார். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த கவளத்தை அழகி தம் வாயில் இட்டுக்கொண்டார்.