கடைசி மேஜையைப் பார்க்காத சென்சார்

அந்தப் பெண் தூங்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் தூங்கினாள் என்று எழுதி அவளை வேலையிலிருந்து நீக்கினீர்கள்.

அப்போது நீங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு மேனேஜர். நான் அங்கே கான்ட்ராக்டில் இருந்த எலக்ட்ரீஷியன். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து மேஜை மேல் இரண்டு வெள்ளை டப்பாக்களை வைத்தீர்கள். சோப்புப் பெட்டி அளவு. முன்பக்கம் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கண். இதற்குப் பேர் சென்சார், ஆள் அசைந்தால் கண்டுபிடித்து விளக்கைப் போடும், கொஞ்ச நேரம் யாரும் அசையாவிட்டால் அணைத்துவிடும் என்றீர்கள். அதுவரை அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நிறையப் பார்த்தவன் மாதிரித் தலையாட்டினேன்.

ஒன்றை ஸ்டோர் ரூமில் மாட்டினேன். அதில் எந்தக் குறையும் வரவில்லை. இன்னொன்றைக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டும் அறையில் மாட்டச் சொன்னீர்கள். தூசி வரக்கூடாது என்று ஜன்னலே வைக்காத அறை. எட்டுப் பெண்கள் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை இடுக்கியால் பிடித்து ஊசி போன்ற முனையில் சுற்றுவார்கள். விரல் நுனி மட்டும்தான் அசையும். தோள் அசைந்தால் கம்பி அறுந்துவிடும். அசையாமல் இருப்பதுதான் அவர்கள் வேலையே. அந்த அறையில் போய், அசைந்தால் மட்டும் எரிகிற விளக்கை வைத்தோம், நீங்களும் நானும்.

டப்பாவோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது. உட்கார்ந்து வேலை செய்கிற இடமென்றால் கூரை நடுவில், தலைக்கு மேலே வைக்க வேண்டும். அதற்கு வயர் போகப் புதிதாகப் பைப் இழுக்க வேண்டும். அரை நாள் வேலை. கதவுக்கு மேலே ஏற்கெனவே பைப் இருந்தது. அங்கேயே மாட்டினேன். உள்ளே நடந்தேன், எரிந்தது. வெளியே வந்தேன், கொஞ்ச நேரத்தில் அணைந்தது. வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன். எட்டு நாற்காலியில் ஒன்றில்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

சுவிட்சையும் கழற்றச் சொன்னீர்கள். "சுவிட்சு இருந்தா இதுங்க பாட்டுக்குப் போட்டு வச்சிடும். அப்புறம் சென்சார் எதுக்குய்யா?" என்றீர்கள். கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து மூடினேன்.

மறுநாளே கூத்து ஆரம்பித்தது. எல்லோரும் வேலையில் மூழ்கினால் போதும், விளக்கு பொசுக்கென்று போய்விடும். "ஏய், கதவாண்ட கீறவ கையத் தூக்குடி!" என்று ஒருத்தி கத்துவாள். கதவோரம் இருப்பவள் பஸ்ஸை நிறுத்துவது போல் கையைத் தூக்குவாள். விளக்கு வரும். இதற்கு முறை வேறு வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் டியூப் லைட் மாற்றப் போனேன்.

"வா அண்ணாத்தே, இன்னா லைட்ட மாட்டிகினு போன? நாங்க இன்னா வேல செய்றதா, டான்ஸ் ஆடறதா?"

"ஆடுடி, சம்பளம் ஏத்தித் தருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசி மேஜைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். வேலையில் படு சுத்தம். அவள் மேஜை ஒரு இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாலும் கதவு மேல் இருக்கிற சென்சாருக்கு அவள் தெரியமாட்டாள்.

"அண்ணா, நான் ஒருத்தி இங்க கீறதே அதுக்குத் தெரியல. அந்தப் பழைய சுவிட்ச வச்சுக் குடுத்துடுங்கண்ணா" என்றாள்.

"மேனேஜரக் கேளும்மா" என்றேன்.

அவள் நிஜமாகவே உங்கள் அறைக்கு வந்து கேட்டாள். நான் அப்போது அங்கேதான் ஏணி மேல் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "ஆமா சார், அந்த மேஜை அதுக்குத் தெரியாது" என்று நானும் சொன்னேன். உங்கள் காதில் விழுந்தது. அவள் போன பிறகு, "இன்னிக்கு சுவிட்சு கேப்பா, நாளைக்கு ஏசி கேப்பா" என்றீர்கள்.

அடுத்த வாரம் அது நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கேன்டீனில் இருந்தார்கள். அன்றைய தட்டில் நாலைந்து காயில் பாக்கி என்று அவள் மட்டும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாதிச் சுற்றில் விளக்கு போனது. கையில் கம்பி. விட்டால் அறுந்துவிடும், மொத்தக் காயிலும் குப்பைக்குப் போகும். யாராவது சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்று, குனிந்த தலை குனிந்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் திறந்தது சூப்பர்வைசர். அவர் நுழைந்ததும் விளக்கு எரிந்தது. குனிந்த தலை அவர் கண்ணில் பட்டது. லைட் அணைந்திருந்தது, அப்படியென்றால் ஆள் அசையவில்லை, அப்படியென்றால் தூக்கம். மாலைக்குள் மெமோ வந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டீர்கள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மாட்டின இடம் தப்புன்னு வந்தா உன் தலைலதான் விடியும்" என்றீர்கள். பயந்துவிட்டேன். பயத்தைவிட, தாளில் இருந்த படத்தைப் பார்த்தும் அப்படி மாட்டாதவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் பெரிதாக இருந்தது.

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீலை உட்கார வைத்திருந்தீர்கள். அவர் கேட்டார்: "ஆள் அசைஞ்சா லைட் எரியுமா?"

"எரியும் சார்."

"எரியலேன்னா?"

"அசையலன்னு அர்த்தம் சார்."

அவளும் கேள்வி கேட்கலாம் என்றார். அவள் எழுந்தாள். "அண்ணா, ஒரே ஒரு தடவ என் நாற்காலியில உக்காந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

என் முகத்தைப் பார்த்து, "சரிண்ணா" என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பதில் எல்லோர் முன்னாலும் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். நீங்கள் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஏணி மேலிருந்து உங்களிடம் சொன்னது என்ன, இங்கே சொல்வது என்ன என்று அவளைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தீர்கள்.

அவளை அனுப்பிய அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, சென்சாரைக் கூரை நடுவுக்கு மாற்றச் சொன்னீர்கள். பீரோவையும் தள்ளி வைக்கச் சொன்னீர்கள். செய்தேன். மாட்டி முடித்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து விரலை மட்டும் அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு போய்விட்டது. தோளைக் குலுக்கினேன், வந்தது. திங்கட்கிழமை உள்ளே வந்த பெண்கள் மேலே பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "இப்பத் தெரிதா அண்ணாத்தே அதுக்கு?" என்றாள் டான்ஸ் ஆடறதா என்று கேட்டவள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சில மாதம் கழித்துப் பூந்தமல்லியில் குக்கருக்கு வாஷர் வாங்கப் பாத்திரக் கடைக்குப் போனேன். உள்ளே அவள் ஏணி மேல் நின்று குடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே திரும்பிவிட்டேன். கடை மூடியிருந்தது என்று வீட்டில் சொன்னேன்.

போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய ஆட்கள் எல்லோரும் கூடினோம். உங்களுக்குச் சால்வை போட்டார்கள். "என் சர்வீஸ்ல ஒருத்தரையும் அநியாயமா வெளிய அனுப்பல" என்று மைக்கில் சொன்னீர்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. அதனால்தான் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

என் பொய்யை நான் இங்கே அச்சில் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவளையும் தேடிப் போய் நேரில் சொல்லப் போகிறேன். அதற்கு இத்தனை வருஷம் ஆனதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது. பொங்கல் முடிந்து மறுபடி கூடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்: அவள் தூங்கினாள் என்றால், சென்சாரை ஏன் இடம் மாற்றச் சொன்னீர்கள்?