ஐம்பத்து மூன்றின் மிச்சம்

என் மனைவியின் ஆஸ்பத்திரி அட்டை எண் 419707. நாலு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து எழுநூற்றேழு. ஐந்தாவதோடு நின்ற எனக்கு அதைத் தடுமாறாமல் வாசிக்கவே சில நாள் பிடித்தது. பெரிய டாக்டர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. கூப்பிட்டால் அவள்தான் எழுந்து எண்ணைச் சொல்வாள்.

மார்பில் கட்டி. மருந்து ஏற்றிக்கொள்ள ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் போவோம். அவள் பன்னிரண்டாவது படித்தவள், கணக்கென்றால் உயிர். முதல் நாளே நாள்காட்டியில் கிழித்த தாளைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"இந்த நம்பர் எதுலயும் மீதியில்லாம வகுபடலேன்னா நான் பொழைச்சுக்குவேன். பந்தயம்."

"யாரோட?"

"மேல கீறவனோட. நீ சாட்சி."

இரண்டால் வகுத்தாள், மிச்சம் ஒன்று. மூன்றுக்கும் ஒன்று.

"நாலு?" என்றேன்.

"ரெண்டுலயே போவாதது நாலுல எப்டிய்யா போவும்? அஞ்சாங்கிளாஸ்னு நெத்தியில ஒட்டிக்கினு வா."

எதிர் சீட்டு அம்மாள் சிரித்துவிட்டார்.

பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதுமாம். அதுவும் அறுநூற்று நாற்பத்தேழு வரைக்கும்தான். ஒரு பயணத்துக்கு ஒரு எண் என்று வைத்துக்கொண்டோம். இன்னும் எத்தனை பயணம் இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். தாம்பரம் வருவதற்குள் மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

ஐம்பத்து மூன்றின் முறை வந்த அன்று குரோம்பேட்டை வந்தும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, போயிடுச்சா?"

"இல்லய்யா. மிச்சம் ஒண்ணு."

தாளைக் கசக்கி ஜன்னல் வழியே விட்டாள். மருந்தின் களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த தடவை ஐம்பத்தொன்பது, மிச்சம் நாற்பது. அதற்கடுத்து அறுபத்தொன்று, மிச்சம் இருபத்தேழு. "பாத்தியா, அசைய மாட்டேங்குது" என்றாள். அறுபத்தேழுக்கு நாங்கள் ரயில் ஏறவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, அவள் பாதியில் விட்டதை நான் முடிக்க நினைத்தேன். நடுவிலிருந்து தொடங்கப் பயமாக இருந்ததால் இரண்டிலிருந்தே ஆரம்பித்தேன். வாய்ப்பாடு பதினாறுக்கு மேல் தெரியாது. கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டு வகுத்தேன். அவள் தாம்பரத்துக்குள் முடித்த ஒரு எண் எனக்கு ஒரு பகல் பிடித்தது.

ஐம்பத்து மூன்றுக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது ஈவு வந்தது. கீழே பூஜ்யம்.

என் கணக்குதான் தப்பு என்று மறுபடி போட்டேன். பிறகு ஐம்பத்து மூன்றையும் ஈவையும் பெருக்கிப் பார்த்தேன். அவளுடைய அட்டை எண் அப்படியே வந்து நின்றது.

ஒரு எண்ணில் வகுபட்டுவிட்டால் அதற்குமேல் பார்க்க வேலையே இல்லை. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் இன்னும் இரண்டு பயணம் என் பக்கத்தில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்த இரண்டையும் போட்டுப் பார்த்தேன். நாற்பது. இருபத்தேழு. சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.